காய்ச்சல் குழந்தையின் சிறுநீர் மாதிரி

பெங்களூரு அல்சூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குக் கைக்குழந்தையோடு வரும் தமிழ்ப் பெற்றோர்கள் பலர், சிறுநீர் பிடிக்கத் தொடையிடுக்கில் ஒட்டும் பிளாஸ்டிக் பையையே கேட்கிறார்கள். ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும் என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் அதில் எளிதாகக் கலந்துவிடுவதால், கல்ச்சரில், அதாவது மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்தாலும் அது உண்மையான சிறுநீர்த் தொற்றா, வெறும் கலப்பா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) டப்பாவை உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிப்பதே நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் அடிவயிற்றைக் குளிர்ந்த சலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் துணியால் வட்டமாகத் தேய்த்தால் சற்று விரைவில் வரும். 2017இல் வெளியான மெல்போர்ன் ஆய்வொன்றில், அப்படித் தேய்த்தபோது 31 சதவீதக் குழந்தைகள் 5 நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தன, தேய்க்காதபோது 12 சதவீதமே. ஆக, பெரும்பாலான குழந்தைகள் எப்படியும் நம்மைக் காக்கவைக்கும்!

குழந்தை மிகவும் சோர்ந்திருந்து ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்க வேண்டுமென்றால், சிறுநீர்ப்பாதை வழியாக மெல்லிய குழாய் விட்டு எடுக்க மருத்துவர் சொல்லக்கூடும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், அப்படி எடுத்த மாதிரி, பையில் எடுத்ததைவிடப் பல மடங்கு நம்பகமானது.

வீட்டில் பிடித்த மாதிரியை, பழைய மெட்ராஸ் சாலை நெரிசலில் வெறும் கையில் கொண்டுவராமல், ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுவாருங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.