கொடியில் அனுமன், உலக உருண்டையில் சேவல்

சேலம் ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள், பழைய படங்களின் முதல் பத்து விநாடியையும் நிறுத்திப் பாருங்கள். கம்பெனி சின்னம் வெறும் அலங்காரம் இல்லை.

விஜயா படக் கம்பெனியின் சின்னத்தில் வரும் கொடியில் இருப்பது அனுமன். விஜயன் என்றால் அர்ச்சுனன், அவன் தேர்க்கொடியில் அனுமன். பெயரையும் கொடியையும் ஒரே பாரதக் கதையில் காணலாம். எவ்வளவு அழகான பொருத்தம்! கேரளத்து உதயா ஸ்டுடியோவின் சின்னத்தில் உலக உருண்டை மேல் சேவல் கூவும். சேவல் என்றதும் நமக்கு முருகன் கொடி நினைவு வரும், ஆனால் அங்கே பெயரே உதயம், ஆகவே அது விடியல் சேவல் என்பதே சரி. இந்தி இயக்குநர் மெஹபூப் கானின் கம்பெனி சின்னத்தில் அரிவாள் சுத்தியல். கூடவே ஒலிக்கும் உருது வரிகளோ இறைவன் நினைத்ததே நடக்கும் என்பவை. ராஜ் கபூரின் ஆர்.கே. கம்பெனிப் படங்கள் அவர் தந்தை பிருதிவிராஜ் கபூரின் சிவபூஜையோடு தொடங்கும்.

பிலிமில் இந்தச் சின்னங்கள்தான் முதலில் அழியும். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், விநாடிக்கு 24. பத்து விநாடிச் சின்னம் வெறும் 15 அடி. முதல் ரீலின் தலைப்பகுதி புரொஜெக்டரில் கோக்கும்போதெல்லாம் கீறும், கிழியும், வெட்டி ஒட்டுவார்கள். பிலிம் ஓரத்தில் ஒலி பதிவாகியிருக்கும் ஒலித்தடம் அதற்குரிய படத்துக்கு சுமார் 20 ஃபிரேம் முன்னால் ஓடுவதால், தலை போனால் மிஞ்சிய படத்தின் தொடக்க ஒலியும் போய்விடும். பழைய கேசட், டிவிடியில் சின்னம் அப்படியே இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.