காஞ்சனபுரி: வேன் நிற்காத இடம்

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்கு ஒருநாள் டூர் எடுக்காதீர்கள். எந்த ரயில், எங்கே தங்கலாம் என்பதையெல்லாம் பிறகு சொல்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. 1,800 பாத் கட்டினேன், நம் காசில் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். ‘மரண ரயில்பாதை வரலாற்றுப் பயணம்’ என்று விளம்பரம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட, பல்லாயிரம் பேர் செத்த பாதை அது. காலை ஆறரைக்கு ஏற்றிக்கொண்ட வேன் முதலில் போய் நின்றது மிதக்கும் சந்தையில். அங்கே ஒன்றரை மணி நேரம், படகுக்குத் தனியாக 200 பாத். அப்புறம் ஒரு தென்னஞ்சர்க்கரைக் கடை. போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் பதினைந்தே நிமிடம். ஏறத்தாழ ஏழாயிரம் பேர் புதைந்திருக்கும் இடத்துக்குப் பதினைந்து நிமிடம்!

அந்தப் பாதை ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. வழிகாட்டி மைக்கில் சொன்னதில் முக்கால்வாசி ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற ஹாலிவுட் சினிமாவின் கதை. பாலம் கட்டியபோது அந்த ஆற்றின் பெயரே வேறு, மே க்ளோங். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘க்வாய் ஆறு எங்கே’ என்று தேடியதால் 1960களில் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் மாற்றினார்கள். வளைவான இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் நிற்கும் இரண்டும், 1945 குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பிறகு வைத்தவை. இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. அரை மணி நேரம், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

வெயில் தாங்காமல் ஆற்றோரமாக நடந்தேன். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஜப்பானிய ராணுவம் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. எங்கள் வேனிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் பலகைகள். ஒன்றைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. தமிழ். ஒரு வாரமாகத் தாய்லாந்தில் சுற்றுகிறேன், ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதை இங்கே போய்ப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

ஓர் அம்மா அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். மலேசியாவில் கிள்ளானிலிருந்து மகனோடு வந்திருக்கிறார்.

“தம்பி, இந்தியாவா?”

“ஆமாம்மா, திருச்சி.”

“எங்க தாத்தாவ ரப்பர் தோட்டத்துலேர்ந்து இந்த சயாம் ரயில்பாதை போடப் பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க. எங்கம்மாவுக்கு அப்ப ஆறு வயசு. அவரு திரும்பி வரவே இல்ல.”

கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் காட்டினார். வெற்றிலை, பாக்கு. தாத்தா நாள் முழுக்க வெற்றிலை போடுவாராம், தன் அம்மா சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். “எங்க வைக்கிறதுன்னு தெரியாம எடுத்துட்டு வந்தேன். இங்க ஒரு கோயில்ல நம்ம ஆளுங்க நடுகல் வச்சிருக்காங்களாம். சாயங்காலம் அங்கதான் போறோம்.”

வேன் ஹாரன் அடித்தது. நான் ஏறவில்லை. பாங்காக்கில் அன்றைய அறைக்குக் கட்டிய 800 பாத் போனது போகட்டும் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஆற்றோரத்தில் 400 பாத்துக்கு ஃபேன் ரூம் எடுத்தேன். அங்கே போக இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, பாலத்தடி ஆட்டோக்காரர் 200 கேட்டார். நடந்தே போனேன்.

மறுநாள்தான் உண்மையான பயணம். கெஸ்ட் ஹவுஸ்காரர் ஏற்பாடு செய்த வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதியும் நானும். வண்டியோடு சேர்த்து ஆளுக்கு 900 பாத். கையைக் கடித்தது, ஆனால் கொடுத்த காசு அத்தனைக்கும் தகும்.

காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் பாஸ். ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த மையம் இருக்கிறது. நுழைவு இலவசம், காதில் மாட்டிக் கேட்கும் கருவியும் இலவசம். மூங்கில் காட்டுக்குள் படியிறங்கிப் போனால், ரயில் போக மலையை இரண்டாக வகுந்த பள்ளம். சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். ஒருவர் இரும்புத் துளைக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, அந்தத் துளையில் வெடி வைத்து, சிதறிய கல்லைக் கூடையில் சுமந்து வெட்டியது. 1943-இல் வேலை தாமதமானதும் காவலர்கள் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று விரட்டினார்கள். ராத்திரியிலும் வேலை. தீவட்டி வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான கைதிகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் நரக நெருப்பு. ஆசிரியர் ஓரிடத்தில் நின்று என் கையைப் பிடித்துப் பாறைமேல் வைத்தார். உள்ளே முறிந்து மாட்டிக்கொண்ட துளைக்கம்பி அப்படியே இருக்கிறது. துரு விரலில் ஒட்டியது. எனக்குப் பேச்சு வரவில்லை.

திரும்பும் வழியில் கிள்ளான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியர் வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். மலாக்கா நீரிணை வழியாகப் பர்மாவுக்குப் போகும் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் தாக்கும் என்ற பயத்தில், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை போட முடிவெடுத்தது ஜப்பான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் சேர்ந்தன. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் தொண்ணூறாயிரம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று, கூலியும் அரிசியும் இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர்கள். நல்ல சம்பளம் என்று நம்பி வந்தவர்கள் பாதி, பிடித்து ஏற்றியவர்கள் பாதி. சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். கைதிகளின் முகாமில் அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார் எப்போது செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். 1945-இல் தேடிப் போன குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. தோட்டத்து ஆட்களுக்கு எழுதி வைக்க யாரும் இல்லை. காலரா வந்தபோது குடிசை குடிசையாகச் செத்துப்போனார்கள்.

அந்த நெதர்லாந்துப் பெண் அழுதுவிட்டார். அவருடைய தாத்தாவின் தம்பி இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

ராத்திரி ரயில் நிலையம் பக்கத்துச் சந்தையில் சாப்பிட்டேன். கோழியும் துளசியும் போட்டு வதக்கிச் சோற்றின்மேல் கொட்டி, ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டையும் வைத்துக் கொடுக்கிறார்கள். 50 பாத். காரம் என்றால் காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாங்காக்கில் 150 கொடுத்துச் சாப்பிட்டதெல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது.

காலையில் மறுபடியும் கல்லறைத் தோட்டம். இந்த முறை என் இஷ்டத்துக்கு, இரண்டு மணி நேரம். நுழைவாயிலில் பதிவேடு இருக்கிறது. அந்தப் பெண் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பெயரைப் பிடித்து, வரிசை எண்ணைப் பார்த்து, நேரே போய் நின்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெண்கலப் பட்டயத்தில் பெயர், தேதி. புல் ஒரே மட்டமாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூச்செடி. பராமரிப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். தமிழ்த் தொழிலாளி ஒருவர் பெயரும் அங்கே இல்லை, அது ராணுவத்தாருக்கான இடம். ஆனால் டூர் வேன்கள் இங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகின்றனவே, பக்கத்தில் இருப்பதைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

நடக்கிற தூரத்தில்தான் வாட் தாவோர்ன், வியட்நாமிய மரபுக் கோயில். 2023-இல் அங்கேதான் தமிழர்களுக்காக நடுகல் நட்டார்கள்.

சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து நேரடி ரயில், வெளிநாட்டவருக்கு 100 பாத், நாளைக்கு இரண்டே வண்டி. காலை வண்டியைப் பிடியுங்கள். இரண்டு இரவு தங்குங்கள். கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மற்ற இடங்களுக்குப் போங்கள். உள்ளூர் வழிகாட்டியிடம் தொழிலாளர்களைப் பற்றி நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் சொல்கிறார்கள்.

கோயில் வாசலில் 20 பாத்துக்கு மல்லிகை மாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நடுகல்லின் அடியில் ஏற்கெனவே இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப் பாக்கும் இருந்தன. ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க இலைமேல் சின்னக் கல் ஒன்றை வைத்திருந்தார் அந்த அம்மா. மாலையை அதன் பக்கத்தில் வைத்தேன்.