முப்பத்திரண்டும் ஒரு பூஜ்யமும்

"குண்டு எங்க மச்சான்? காலிக் கூடு மாதிரி இருக்கே?"

தங்கை வீட்டு மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்திருந்தார். கையில் ஒரு தோட்டாவை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற மாதிரி முனை நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை. நான் கொடுத்தது சின்னப் பித்தளைக் குழாய். வாயில் ஈயம் தட்டையாக அடைத்திருந்தது. அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் கையில் இதைப் பார்த்தால் யாருக்கும் கேப்ஸ்யூல் ஞாபகம்தான் வரும்.

அதுதான் வாட்கட்டர். முழுப்பெயர் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் வாட்கட்டர். ரேஞ்சில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'தேர்ட்டி டூ' என்றால் போதும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற போட்டிப் பிரிவில் நான் சுடுவது இதைத்தான், என்னோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் சுடுவதும் இதைத்தான்.

பெயரிலேயே ஒரு பொய் இருக்கிறது. .32 என்றால் அங்குலத்தில் 0.32 என்று நினைப்போம். உண்மையில் குண்டின் விட்டம் 0.314 அங்குலம் அளவுக்குத்தான், மில்லிமீட்டரில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் கடையில் 'ஃபோர்ட்', 'பிளஸ்' என்று பெயர் போட்டு விற்கும் மாத்திரைகளைப் பார்த்துப் பழகியவனுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை.

தோட்டா பிறந்தது 1896-இல், அமெரிக்காவில், ரிவால்வருக்காக. அதற்கு முன்பே இருந்த குட்டை .32 தோட்டாவின் கூட்டைச் சுமார் 23 மில்லிமீட்டருக்கு நீட்டினார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் கான்பூர் அரசு தொழிற்சாலை ரிவால்வர் இதே அளவுத் தோட்டாவுக்குத்தான் செய்யப்படுகிறது. தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் பீரோவில் பூட்டி வைத்திருப்பதும், நான் காகிதத்தில் ஓட்டை போடுவதும் கூட்டளவில் ஒன்றேதான். அவர்களுடையதில் குண்டின் முனை உருண்டை, என்னுடையதில் தட்டை. மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னதும் மரியாதை கொஞ்சம் கூடியது. "அப்ப இதால ஆளைச் சாய்க்கலாம்?" என்றார். நல்ல வேளை, ரேஞ்ச் ஆபீஸர் காதில் விழவில்லை.

ஆள் விஷயம் இருக்கட்டும். போட்டிக்காரனுக்கு இந்தத் தோட்டா பிடிப்பதற்குக் காரணமே அதன் மெதுவான சுபாவம். ஆறேகால் கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 240 மீட்டர் அளவில் போகிறது. ஒலியின் வேகத்தைத் தொடுவதே இல்லை. 9 மில்லிமீட்டர் தோட்டாவோடு ஒப்பிட்டால் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கையில் உதை குறைவு. உதை குறைந்தால் பிஸ்டல் எழும்பாது, எழும்பாவிட்டால் அடுத்த குண்டுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இதில் எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. சக்தி கூடிய தோட்டாவைத் தானியங்கிப் பிஸ்டலில் சுட்டால், அழுத்தம் இறங்கும்வரை பேரலும் (குண்டு போகும் குழாய்) ஸ்லைடும் (அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகப் பல பிஸ்டல்களில் ஒவ்வொரு குண்டுக்கும் பேரலே கொஞ்சம் பின்னால் நகர்ந்து சாய்ந்து, திரும்ப வந்து உட்காரும். .32-க்கு அந்தப் பூட்டே வேண்டாம். தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி அடைக்கும் போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் போதும். அதனால் பேரலை உடம்போடு அசையாமல் பொருத்திவிடலாம். அசையாத பேரல் என்றால் குண்டு ஒரே இடத்தில் போய் விழும். தோட்டாவின் சாதுத்தனம் இப்படிப் பிஸ்டலின் எலும்பு வரைக்கும் போகிறது. 1968-இல் வந்த வால்தர் ஜிஎஸ்பி, இத்தாலிக்காரர்களின் பார்தினி எச்பி எல்லாம் இந்த வழிதான். தோட்டாக்களை அடுக்கும் மேகஸினும் கைப்பிடிக்குள் இல்லாமல் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும். கைப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தில் செதுக்கிக்கொள்ளலாம்.

தட்டை முனைக்கும் காரணம் உண்டு. உருண்டை முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிறும். ஒன்பதா பத்தா என்று சண்டை வரும். தட்டை முனை அப்பளத்தில் மூடி வைத்து அழுத்தியது போல வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். கூட்டின் வாய்வரை குண்டை உள்ளே இறக்கி, ஓரத்தை மெல்ல மடித்துவிடுகிறார்கள். கூடு நீளம், வெடிமருந்தோ துளியூண்டு. குண்டு உள்ளே இறங்கி இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தத் துளி மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிகிறது. குண்டின் அடிப்பக்கம் பல வகைகளில் குழிவாக இருக்கும். மென்மையான ஈயம் என்பதால் வாயு அழுத்தத்தில் விரிந்து பேரலின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும்.

பெரிய ஓட்டை அடுத்த வளையத்தின் கோட்டைத் தொடச் சாதகம்தானே, அப்படியானால் .38 சுடலாமே என்று ஒருவர் கேட்டார். விதி 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆனால் சந்தேகக் குண்டை அளக்கும் கேஜ் எல்லோருக்கும் 9.65 தான். சின்னக் குண்டு சுட்டவருக்கும் பெரிய அளவிலேயே மார்க். பிறகு எதற்கு அதிக உதை வாங்க வேண்டும்?

சரி, இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது. இந்தத் தோட்டாவுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, அதுதான் எனக்கு ஒரு பூஜ்யம் வாங்கிக் கொடுத்தது.

ரிவால்வருக்காகப் பிறந்ததால் அடியில் விளிம்பு இருக்கிறது. உருளைக்குள் தோட்டா வழுக்கி விழாமல் நிறுத்துவதும், சுட்ட கூட்டை வெளியே தள்ளக் கொடுப்பதும் அந்த விளிம்புதான். மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அதே விளிம்பு வில்லன். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். தோட்டா நகராது. இதற்காகவே மேகஸினைச் சாய்வாகச் செய்திருக்கிறார்கள், ஆனாலும் போடுகிறவன் கவனமாகப் போட வேண்டும்.

அன்றைக்கு நான் கவனமாக இல்லை.

சென்டர் ஃபயரில் மொத்தம் 60 குண்டு. முதல் 30 நிதானம்: ஐந்து நிமிடத்துக்கு ஐந்து. பத்து மார்க் தரும் நடு வளையம் 50 மில்லிமீட்டர். அதில் 274 எடுத்தேன், என் கணக்குக்கு நல்ல மார்க். அடுத்த 30 தான் டூயல். கையை 45 டிகிரிக்கு இறக்கி நிற்க வேண்டும். இலக்கு 3 வினாடி முகம் காட்டும், அதற்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு. 7 வினாடி இடைவெளி. மறுபடி 3 வினாடி. இப்படி ஐந்து முறை. இந்தப் பிரிவில்தான் 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். எனக்கு 540 வந்தால் அன்று வீட்டில் பாயசம்.

டூயலின் நான்காவது சுற்று. இரண்டு குண்டு போனது. மூன்றாவதுக்குக் கை எழுந்தது, ட்ரிகரை இழுத்தேன். ஒன்றும் இல்லை. போல்ட் பாதி வழியில் நின்றிருக்கிறது. இலக்கு திரும்பிவிட்டது.

விதி எனக்குத் தெரியும். பிஸ்டலை முன்னோக்கி வைத்தபடி பிடியை விடாமல், மற்ற கையைத் தூக்கியிருக்க வேண்டும். ஆபீஸர் வந்து பார்ப்பார், ஜாம் என்று ஒத்துக்கொண்டால் சுடாத குண்டுகளைச் சுட வாய்ப்பு கிடைக்கும். நாமே சரிசெய்ய முயன்றுவிட்டால், ஏதாவது பாகம் உடைந்திருந்தால் ஒழிய, அந்தக் கோரிக்கை போச்சு. இதை நானே இரண்டு ஜூனியர் பசங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் கடையில் பில் மெஷின் சிக்கினால் என்ன செய்வேனோ அதையே கை செய்தது. மேகஸினை ஒரு தட்டுத் தட்டி, போல்ட்டை இழுத்து விட்டேன். ஒரு தோட்டா துள்ளித் தரையில் உருண்டது. அடுத்தது ஏறியது. நான்காம், ஐந்தாம் முறைக்கு ஒழுங்காகச் சுட்டேன், இரண்டும் ஒன்பது. மூன்றாவதுக்குப் பூஜ்யம்.

மொத்தம் 537. மூன்று மார்க்கில் பாயசம் போனது. மேகஸின் போடும்போது பக்கத்து லேன் நண்பரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன் தெரியுமா? 2022 ஜூலையில் அஜித் போட்டிக்கு வந்தபோது திருச்சியில் கூடிய கூட்டத்தைப் பற்றி. ஐந்து தோட்டா போட ஐந்து வினாடி வாயை மூட முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு தோட்டாவையும் முன்பக்கம் இறக்கிப் பின்னால் தள்ளாமல் போடுகிறேன், போட்டபின் பக்கவாட்டில் ஒரு பார்வை. லாட் நம்பரும் பார்க்கிறேன். அது தொழில் பழக்கம். மருந்தில் பேட்ச் மாறினால் பார்ப்பவன் தோட்டாவில் மாறினால் பார்க்க மாட்டேனா? ஒரே கம்பெனியின் இரண்டு லாட் ஒரே பிஸ்டலில் வேறு வேறு அளவுக்குச் சிதறுவதை அட்டையில் நேராகவே பார்த்திருக்கிறேன். அப்புறம், ஈயம். சுட்டு முடித்தால் விரலெல்லாம் கறுப்புப் பிசுக்கு. சோப்பு போட்டு இரண்டு முறை கழுவாமல் தயிர்சாத டப்பாவைத் திறக்க மாட்டேன்.

அன்று 'சேஃப்' சொன்னபிறகு தரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு ரிஜிஸ்டர் மேசைக்குப் போனேன். இரண்டு பெட்டி, 100 தோட்டா வாங்கியிருந்தேன். பழகும் சுற்றுகளையும் சேர்த்தால் 70 போயிருக்க வேண்டும்.

"69 தான் கூடு இருக்கு. 31 திரும்புது. ஒண்ணு எப்படி சார் கூடுது?"

காட்டினேன். ஈய முகத்தில் ஓரமாக நசுங்கல், விளிம்பில் பளபளவென்று ஒரு கீறல். அவர் வாங்கி, சிரிக்காமல் 31 என்று எழுதினார். அதைத் தனியாக வைக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, முதல் குண்டாக அதைத்தான் சுட்டேன்.

எட்டு.