லிங்க்ட்இன்னில் ஒரு நற்சான்றிதழ்

யாழ்ப்பாணத்தில் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. அதில் பாதி வேலை தேடல்தான். விளம்பரம் போட்டுவிட்டு விண்ணப்பம் வரட்டும் என்று இருந்தால் வருகிறவர்கள் வருவார்கள். நல்ல வேலையில் ஏற்கனவே இருக்கிறவர்களை நாங்கள்தான் தேடிப் போகவேண்டும். அதற்கென்று, ஆட்கள் தங்கள் படிப்பையும் வேலையையும் போட்டுவைக்கும் லிங்க்ட்இன் தளத்தில் காசு கட்டிப் பாவிக்கும் தேடற் பக்கம் ஒன்று இருக்கிறது. பதவிப் பெயர், ஊர், தெரிந்திருக்கவேண்டிய தொழில்நுட்பம் என்று கொடுத்தால் ஒரு பட்டியல் விழும். ஒருவருக்கு ஒரு சின்னப் பெட்டி: படம், பெயர், பெயருக்குக் கீழே ஒரு தலைப்பு வரி, இப்போதைய வேலை, படித்த இடம், ஊர். அதைப் பார்த்துத்தான் உள்ளே போவதா, அடுத்தவரைப் பார்ப்பதா என்று கை முடிவெடுக்கும்.

எங்கள் பிள்ளைகளின் பெட்டிகளில் நான் அதிகம் காணும் தலைப்பு வரி 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்' என்பது. பட்டமும் எடுத்து, கொம்பனியில் சில வருடம் கோட் எழுதியவரும் அங்கே இன்னும் மாணவர்தான். கணக்குத் திறந்த அன்று லிங்க்ட்இன் தானாகப் போட்ட வரி அது. அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. அந்த இடத்தில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். தொட்டவர்களோ மற்றப் பக்கம் போய்விடுகிறார்கள்: 'கனவு காண்பவர், வாழ்நாள் மாணவர், டெக் என்தூசியாஸ்ட்.' இதுவரை எந்தக் கொம்பனியும் கனவு காண்பவர் ஒருவரைத் தேடித் தரச்சொல்லி என்னிடம் கேட்டதில்லை. 'கியூ.ஏ. இன்ஜினியர்', 'பக்எண்ட் டெவலப்பர், ஜாவா' என்றுதான் கேட்கிறார்கள். தேடுகிறவர் என்ன சொல்லை அடிப்பாரோ அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்த விஷயத்தில் சூட்சுமம் என்று இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பழக்கம்.

அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. நாங்கள் சுயவிபரக்கோவை எழுதப் பழகியது அரச உத்தியோகத்துக்கு. முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சமயம், விவாக நிலை, சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, மாணவ முதல்வர், சாரணர், துடுப்பாட்ட அணி, உறவினரல்லாத இருவரின் பெயர், கடைசியில் மேற்கூறியவை யாவும் உண்மை என்று ஒரு கையொப்பம். நீங்கள் ஆர், எந்தப் பள்ளிக்கூடம், உங்களுக்காக ஆர் பேசுவார் என்பதெல்லாம் அதில் உண்டு. என்ன செய்யத் தெரியும் என்பது இல்லை. இல்லாததற்குக் காரணமும் உண்டு: ஊருக்கு அது முதலே தெரியும். 'ஆற்றை பிள்ளை?' என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் மிச்சத்தை ஊரே நிரப்பிக்கொள்ளும். கொழும்பிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருந்து தேடுகிறவருக்கு உங்கள் பள்ளிக்கூடத்தின் பெருமை ஒரு பெயர் மட்டும்தான். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்ததும் அவருக்கு ஒன்றையும் சொல்லாது.

பரிந்துரைப் பகுதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வேலை செய்த இடத்து மேலாளரிடம் நாலு வரி கேட்டு வாங்கச் சொன்னால் விரிவுரையாளர் சேரிடம் போவார்கள். சேரும் மறுக்காமல் எழுதுவார்: 'ஒழுக்கமான, பணிவான, கடமையில் தவறாத மாணவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' கிராம சேவகர் தரும் நற்சான்றிதழ் லிங்க்ட்இன்னுக்கு வந்து சேர்ந்த மாதிரி. அந்தப் பிள்ளை எந்த புரொஜெக்டில் எதைத் திருத்தினார், எந்த நெருக்கடியில் கைகொடுத்தார் என்று ஒரு வசனம் இருந்தால் நான் உடனே அழைப்பு எடுப்பேன். பணிவு நல்ல குணந்தான். ஆனால் அதைத் தேடற் பெட்டியில் அடிக்க வழியில்லை.

பணிவு என்று வந்ததால் ஒன்று. 'என்னைப் பற்றி நானே எப்பிடி அக்கா எழுதுறது?' என்று கூச்சப்படுகிறவர்களுக்கு நான் நன்னூலைக் காட்டுவதுண்டு. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொன்ன கையோடு பவணந்தி முனிவர் நாலு விலக்கும் தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்லவேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இரண்டாவது விலக்கு, ஆள் தேடும் ரெக்ரூட்டருக்கென்றே எழுதியது போலக் கிடக்கிறது. தமிழ் படிப்பித்த ஆசிரியர்களின் பிள்ளைகளிடம் இது உடனே வேலை செய்யும்.

போன வருடம் ஒரு அக்கா என்னிடம் வந்தார். மென்பொருளோடு சம்பந்தமில்லாதவர். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணியில் பல வருடம் இருந்தவர். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தபோது நிலத்தைத் துப்பரவாக்கி முடிக்க 2028 ஜூன் என்று ஒரு காலக்கெடு வந்தது. நிலம் துப்பரவாகத் துப்பரவாக அந்த வேலையும் முடியும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அடுத்த வேலைக்கு என்ன வழி என்று கேட்கத்தான் வந்திருந்தார். மகன் திறந்து கொடுத்த லிங்க்ட்இன் பக்கத்தில் 'என்.ஜி.ஓ. ஊழியர்' என்று மட்டும் இருந்தது.

"அங்க என்ன செய்தனீங்கள் அக்கா?"

"என்னத்தைச் சொல்ல பிள்ளை, மண் கிண்டினனாங்கள்."

தேத்தண்ணி குடித்தபடி கதைக்க விட்டேன். முதலில் மண் கிண்டியவர் பிறகு ஒரு அணிக்கே பொறுப்பாக இருந்திருக்கிறார். காலமை வேலை தொடங்க முன்னம் அணியைக் கூட்டி அன்றைய நிலத்தைப் பற்றி விளக்குவது அவர். ஒரு மீற்றர் அகலப் பாதையாகப் பிரித்து, ஆருக்கு எந்தப் பாதை என்று ஒதுக்குவதும், ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே விடவேண்டிய தூரத்தைப் பார்ப்பதும் அவர். முடித்த சதுர மீற்றர், எடுத்த வெடிபொருள் என்று பின்னேரம் அறிக்கை எழுதுவதும் அவர். ஆருக்காவது காயம்பட்டால் எப்படி வெளியே கொண்டுவருவது என்ற ஒத்திகையை அடிக்கடி நடத்துவார்களாம். நேரத்தைக் கணக்கிட்டுப் பதிவதும் அவர் வேலை. இவ்வளவும் சர்வதேச மிதிவெடி நடவடிக்கைத் தராதரங்களுக்கு அமைய எழுதி வைத்த நடைமுறைப்படி. கடைசியில் போகிற போக்கில் சொன்னார், தான் பொறுப்பாக இருந்த காலத்தில் அணியில் ஒருவருக்கும் காயம் வந்ததில்லை என்று. "அது கடவுள் புண்ணியம்" என்றும் சேர்த்தார். கடவுளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதினோம்.

தலைப்பு வரியில் 'கள அணித் தலைவர்', 'ஹெல்த் அன்ட் சேஃப்டி' இரண்டும் ஆங்கிலத்தில் ஏறின. கட்டுமானக் கொம்பனிக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் தேடுகிறவர்கள் அடிக்கும் சொற்கள் அவை. அனுபவப் பகுதியில் மேலே சொன்னவற்றைச் சின்னச் சின்ன வசனங்களாக, அவர் சொன்ன ஒழுங்கிலேயே போட்டோம். ஒரு பெயரடையும் கூட்டவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒருவர் வேண்டியிருக்கவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அன்றிலிருந்து ஆர் வந்தாலும் முதலில் தமிழில் கதைக்கச் சொல்கிறேன். போனில் பதிவு செய்துகொண்டு, 'உம்மடை வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்தும் தம்பி' என்பேன். ஆங்கிலத்தில் எழுது என்றால் 'ரிசல்ட்ஸ் டிரிவன்', 'பஷனேட்' என்று எங்கேயோ படித்த சொற்கள்தான் வரும். தமிழில் கதைத்தால், 'கடைக்காரர் பில் அடிக்கேக்க சிஸ்டம் நிண்டுபோகும், நான் அதை மாத்திப் போட்டன், இப்ப நிக்கிறேல்லை' என்று வரும். இதைத்தான் எனக்கு வாசிக்கவேண்டும். ஆங்கிலத்துக்கு மாற்ற சாட்ஜிபிடியைக் கேட்கலாம், குறையில்லை. ஆனால் சரக்கு உங்களுடையதாக இருக்கவேண்டும். சரக்கே இல்லாமல், தன்னைப் பற்றி எழுதும் அபௌட் பகுதிக்கு 'எனக்கு ஒரு அபௌட் எழுதித் தா' என்று கேட்டால் ஆயிரம் பேருக்குக் கொடுத்ததை உங்களுக்கும் கொடுக்கும். அபௌட் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகள்தான், மிச்சத்துக்கு அழுத்தவேண்டும். செய்த வேலை அந்த முதல் வரிகளிலேயே வந்துவிட வேண்டும்.

சில்லறை விஷயங்கள் சில. படம் அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கத் தேவையில்லை. கலியாண வீட்டு குறூப் படத்தில் வெட்டியதாகவும் இருக்கக்கூடாது. கம்பஸ் ஈமெயிலில் திறந்த கணக்கை சொந்த ஈமெயிலுக்கு மாற்றுங்கள். நான் அனுப்பிய எத்தனையோ செய்திகள் ஒருவரும் திறக்காத பெட்டிகளில் கிடக்கின்றன. பெயர் எழுத்து கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற எங்கள் குழப்பம் பின்புலச் சரிபார்ப்பில் ஆளையே இரண்டாக்கிவிடும். பிள்ளைப்பேற்றுக்காகவோ அம்மாவைப் பராமரிக்கவோ வேலையை விட்டிருந்தால் அந்த வருடங்களை ஒளிக்கவேண்டாம்; தொழில் இடைவெளி என்றே ஒரு பதிவு போட 2022இல் இருந்து லிங்க்ட்இன்னில் வசதி இருக்கிறது.

ஊரைப் பற்றி ஒரு வாக்குவாதம் எப்போதும் நடக்கும். 'யாழ்ப்பாணம் எண்டு போட்டா பாக்கமாட்டாங்கள், கொழும்பு எண்டு போடுவம்' என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் அழைப்பிலேயே 'நாளைக்கு அலுவலகத்துக்கு வரமுடியுமா' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேலை தேடுகிறேன் என்று லிங்க்ட்இன்னில் அறிவிக்கும் ஓப்பன் டு வேர்க் அமைப்பில் வேலை செய்ய விரும்பும் ஊர்களையும், வீட்டிலிருந்தா அலுவலகத்திலா என்பதையும் தனியாகக் கொடுக்கலாம். ஊர் யாழ்ப்பாணமாகவே இருக்கட்டும், விருப்பத்தில் கொழும்பைச் சேருங்கள். 2022 பொருளாதார நெருக்கடியோடு பொறியியலாளர்கள் பலர் வெளிநாடு போனபிறகு கொழும்பில் ஆள் தேடும் என் தொழில்தோழர்கள் சிலர் வடக்கையும் வடிகட்டியில் சேர்த்துத்தான் தேடுகிறார்கள்.

அதே அமைப்பில் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையமும் போடலாம். எல்லாருக்கும் தெரியும் வளையம் அது. அதைப் போட்ட அன்றே ரொறன்ரோவில் இருக்கும் மாமி அம்மாவுக்கு போன் எடுத்து, 'தம்பிக்கு வேலை போட்டுதோ?' என்று கேட்பார். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் தெரிவைப் போடுங்கள், மாமிக்குத் தெரியாது. உங்கள் சொந்தக் கொம்பனியில் ஆள் எடுப்பவருக்குக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயலும். ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கவனம்.

பக்கம் திருந்தினால் செய்திகள் வரும், வேண்டாதவையும் வரும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கையர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதும், 2024இல் ஒரு தொகுதியினர் மீட்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்தவை. வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்மையான ரெக்ரூட்டர் உங்களிடம் காசு கேட்கமாட்டார். எந்தச் செய்திக்கும் நான் எழுதச் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'ஆர்வமுண்டு. கொம்பனி எது, வேலை எந்த ஊரில், சம்பள வரம்பு என்ன என்று எழுதி அனுப்புங்கள்.' வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிட்டுப் பதில் போடுவோம் என்று ஒரு கிழமை வைத்திருக்காமல் அன்றைக்கே போடுங்கள். அதற்கு விடை தராமல் வாட்ஸப் நம்பரும் பாஸ்போட் கொப்பியும் கேட்கிறவரை அன்றைக்கே பிளொக் பண்ணிவிடலாம்.