பழைய எம்ஜிபிக்கு எந்த இன்ஜின்?

எங்களிடம் இருக்கும் எம்ஜிபி ஜிடி 1970இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். கவென்ட்ரிக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில் அதை வாங்கினேன். சென்ற இலையுதிர் காலம்வரை அது எண்ணெய் குடித்ததே தவிர வேறு தொல்லை எதுவும் தந்ததில்லை. பிறகு, மேடு ஏறும்போது பின்னால் வருபவர் விளக்கைப் போடும் அளவுக்கு நீலப்புகை கிளம்பத் தொடங்கியது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் 150 பிஎஸ்ஐக்கு அருகில் நின்றன. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 95ஐத் தாண்டவில்லை. அதன் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி சுற்றியபோது முள் 130க்கு ஏறியது. வால்வில் கசிவு இருந்தால் எண்ணெய் விட்டதால் இவ்வளவு மாற்றம் தெரியாது; ஆகவே தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் சிலிண்டரின் உள்துளையான போரும்தான் என்று புரிந்தது.

திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ரிங்கு மட்டும் மாத்திப் பார்த்தியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்பாசிடர் ஓட்டியவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் என் வண்டியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம். இரண்டும் பழைய பிரிட்டிஷ் கார் நிறுவனமான பிஎம்சியின் பி-சீரிஸ். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான். போர் மட்டும் அதில் 73, இதில் 80.26. உத்தரபாராவில் செய்த டாக்சியும் ஆபிங்டனில் செய்த ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே மாதிரி டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் போடுவதற்குக் காரணம் இந்த உறவுதான். அந்தச் சத்தம் பழகியிருந்ததால்தான் இந்த வண்டியை வாங்கினேனோ என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

இன்ஜினை இறக்குவது என்று முடிவான பிறகு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முதலாவது, ரோவர் வி8. 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே 3528 சிசி வி8 பொருத்திய எம்ஜிபி ஜிடிகளைச் செய்தது. மொத்தம் 2,591 வண்டிகள். அந்த இன்ஜின் அலுமினியத்தால் ஆனது. எட்டு சிலிண்டர் இருந்தும் நான்கு சிலிண்டர் கொண்ட வார்ப்பிரும்பு பி-சீரிஸை விடப் பெரிதாக எடை கூடாது என்பது அதன் பெரிய தகுதி. இதே உடலில் ஆறு சிலிண்டர் இன்ஜினைச் சுமந்த எம்ஜிசி காரின் மூக்குக் கனம் இதில் வராது. ஆனால் 1970ஆம் ஆண்டின் குரோம் பம்பர் உடலில் அதைப் பொருத்த வேண்டுமானால் இன்ஜின் அறையில் வெட்டு வேலை உண்டு. கியர் பெட்டி, ரேடியேட்டர், பின் அச்சின் விகிதம் என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கும். போதாக்குறைக்கு எம்ஓடி எனும் பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையிலிருந்து கிடைக்கும் விலக்கு இருக்கிறது. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வண்டியைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. அதே அடிப்படை இன்ஜின் வேறு கொள்ளளவில் இருந்தால் அதை மாற்றமாகக் கொள்வதில்லை; சிலிண்டர் எண்ணிக்கையே மாறினால் கேள்வி எழும். தொழிற்சாலையே வி8 போட்டது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வாதாடுவதற்காகவா வண்டி வைத்திருக்கிறோம்?

இரண்டாவது யோசனை, பழையதைக் கொடுத்துப் புதுப்பித்த இன்ஜினை வாங்கிக்கொள்வது. வார இறுதிக்குள் வேலை முடிந்துவிடும். ஒரு விற்பனையாளரிடம் கேட்டபோது விலை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வரும் இன்ஜினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலை, எத்தனை முறை கடைந்து போர் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. என் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதும் நிபந்தனை. 18GG என்று தொடங்கும் அதன் இன்ஜின் எண்தகடு வண்டியோடு பிறந்தது. அதைக் கொடுத்துவிட்டு வரலாறு தெரியாத இரும்பை வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. பி-சீரிஸிலேயே எல்லாம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1964 இறுதிவரை வந்தவற்றில், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தாங்க மூன்று பேரிங்குகள்தான். அதன் பிறகு ஐந்து. அவசரத்தில் ஆண்டு பார்க்காமல் வாங்கினால் பொருந்தாத பாகங்களோடு நிற்க நேரிடும்.

ஆகவே சொந்த இன்ஜினைப் பிரித்தோம். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால், ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நின்ற வரம்பில் நகம் தட்டி நின்றது. பிஸ்டன் தலையில் கெட்டியாகப் படிந்திருந்த கரியைச் சுரண்டியபோது அடியில் 020 என்ற எண் தெரிந்தது. முந்தைய உரிமையாளர் கொடுத்த கோப்பில் இருந்த ரசீது 'புதிய பிஸ்டன், ஸ்டாண்டர்டு அளவு' என்கிறது. உண்மையில் யாரோ ஏற்கெனவே ஒரு முறை போர் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிய பிஸ்டனைப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் மூன்றாவது சிலிண்டரில் ஒன்பது பங்கு தேய்மானம். முப்பதாம் அளவில் சுத்தமாக வந்தால் அதிர்ஷ்டம், நாற்பது என்றால் உறுதி என்றார் லேத் பட்டறைக்காரர். அறுபதுக்குப் பிறகு சாதாரண பிஸ்டன் கிடையாது. ஆக இந்த பிளாக்குக்கு இன்னும் ஒரு பிறவி பாக்கி இருக்கிறது.

அப்போதுதான் 1950 சிசி ஆசை காட்டப்பட்டது. ஏறக்குறைய 83.5 மில்லிமீட்டருக்குப் போர் செய்து பெரிய பிஸ்டன் போட்டால் கொள்ளளவு எட்டு விழுக்காடு கூடும். கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும் என்பதும் உண்மை. நாற்பதாம் அளவில் கிடைப்பதோ 1845 சிசி, அதாவது மூன்று விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த எட்டு விழுக்காட்டுக்கு விலை, சுவரின் தடிமன். வார்க்கும்போது உள் அச்சு சற்று விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து போகும், போர் செய்கையில் நீர் அறை திறந்துகொள்ளவும் கூடும். என்னைப் பொறுத்தவரை இந்த இன்ஜினின் குறை அதன் வயிறு சிறியது என்பதல்ல, மூக்கு அடைத்தது என்பது. நான்கு சிலிண்டருக்கும் காற்று நுழைய இரண்டே வழிகள். ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரிய போருக்குச் செலவழிக்கும் பணத்தை, அந்த வழிகள் அமைந்த ஹெட்டில் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதியில்) செலவழிப்பது மேல் என்று நாற்பதாம் அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

ஹெட்டிலும் பணத்துக்கு வேலை காத்திருந்தது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 இறுதியோடு நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் வெறும் வார்ப்பிரும்பு சீட் தேய்ந்து வெளியேற்று வால்வு மெல்ல உள்ளே இறங்கும். கடினமான சீட் வளையங்களைப் பதிக்கலாம் என்று பார்த்தால், நடு சிலிண்டர்களில் ஒன்றில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு இடையே மயிரிழை விரிசல். பி-சீரிஸ் ஹெட்டில் இது அடிக்கடி காணும் நோய். விரிசல் இல்லாத இன்னொரு ஹெட்டைத் தேடிப் பிடித்து, வளையம் பதித்து, துளைகளை மிதமாகச் சீர்செய்து, அழுத்த விகிதத்தை 9க்கு அருகில் வைத்தோம். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேமில், பந்தய வண்டிக்குரிய எதையும் தொடவில்லை. இந்த வண்டி பெரும்பாலும் 2,000 முதல் 3,500 சுற்றுகளுக்குள் கிராமச் சாலைகளில் ஓடுவது. 6,000இல் வரும் வலிமை யாருக்கு வேண்டும்? சாலைக்கென்றே செய்த மிதமான கேமும், பழைய இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும், அதற்கேற்ற ஊசிகளும் போதுமென்றாயிற்று. கிராங்கைப் பத்தாம் அளவுக்குத் தீட்டி, ஃப்ளைவீல், கிளட்சு எல்லாவற்றோடும் சேர்த்துச் சமன்படுத்தச் சொன்னேன். மொத்த வேலையில் ஒவ்வொரு நாளும் கையில் உணர்வது அந்தச் செலவைத்தான். ஸ்டியரிங் நடுக்கம் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தது கிராங்கின் அதிர்வு.

முதல் முறை உயிர்ப்பிக்கும் நாளில் கொஞ்சம் பயந்தேன். புதுக் கேமும் அதன் மேல் உராயும் டேப்பெட் கிண்ணங்களும் ஒன்றோடொன்று பழக, கிளப்பியவுடனேயே 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் விட வேண்டும். ஐடிலில் விட்டால் எண்ணெய் போதிய அளவு தெறிக்காமல் கேம் முனைகள் தேய்ந்துவிடும். பிரித்தெடுத்த பழைய கிண்ணம் ஒன்றின் அடிப்பகுதி அம்மைத் தழும்பு முகம்போல் குழிகுழியாக இருந்தது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டே இருபது நிமிடத்தை எண்ணினேன். துத்தநாகச் சேர்மம் நிறைந்த 20W-50 எண்ணெய். சூடேறிய பிறகு ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐடிலில் 20. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஐந்நூறு மைல் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்தாயிற்று. கொள்ளளவு மாறியதால் பதிவு ஆவணத்தையும் திருத்த வேண்டும் என்பது விதி. லேத் பட்டறை ரசீதை இணைத்து அனுப்பிவிட்டேன்; 1798 என்றிருக்கும் இடத்தில் 1845 என்று திரும்பி வர வேண்டும். இன்ஜின் எண் என்ற கட்டத்தில் திருத்த எதுவும் இல்லை.