மாதம் 135 டீ-சர்ட்

ஜூன் 9, 2024, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறார்கள். நாங்களும் நாளையே படிப்பகத்தைத் திறந்தாக வேண்டும். காலையில் படிப்பகத்தை நடத்தும் நாங்கள் ஐந்து பேரும் போய்க் கூட்டிக் கழுவிவிட்டு, கரும்பலகைக்குப் புதிதாகக் கறுப்பு அடித்துவிட்டு வந்தோம்.

திருப்பூரைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. ஆர்டர் நெருக்கினால் இரவு 8.30 வரை நீளும். அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். அப்பா அம்மா இருவருமே ஒன்றரை ஷிப்ட் போகும் வீட்டில், சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒன்பது மணி வரை பூட்டிய கதவுக்கு வெளியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தோம். இப்போது 34 பேர் வருகிறார்கள். தாராபுரம், தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பாதி. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கே அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் மீதி.

வாடகை 5,000. சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெண்களுக்குத் தலா 4,000. சுண்டல், பால் செலவு 3,000. கரண்ட்டும் நோட்டும் 500. ஆக மாதம் 16,500 ரூபாய். இதுவரை கேட்டுக் கேட்டு வாங்கித்தான் ஓட்டினோம். மாதம் 6,000 கொடுத்துவந்தவர், இந்த மாதத்திலிருந்து முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம் கொடுத்தவர், அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒருவருடைய கை சுருங்கினால் ஓர் அறையே பூட்டப்படும் என்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது அப்பாவுக்கு வேலை போனது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டது உண்மை, அந்த உத்தரவு நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வருடம் எனக்கு டியூஷன் நின்றது. நிற்காமல் வரும் சின்னப் பணத்தின் அருமை எனக்கு அன்றிலிருந்து தெரியும்.

ஜூன் 23, 2024, ஞாயிறு

டீ-சர்ட் விற்கலாம் என்று முடிவு செய்தோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை வாங்கிச் செய்து முடித்து அனுப்பும் வேலையில், இருந்தவள் நான். எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் கடைக்குச் செய்து கொடுத்ததை நம் தெருவுக்காகச் செய்ய முடியாதா என்ன?

முதலில் காதர்பேட்டைக்குப் போய்ப் பார்த்தோம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சரக்கு அங்கே மலிவாகக் கிடைக்கும், வாங்கி அச்சடித்து விற்றால் போதும் என்று தோழி சொன்னாள். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்று கிடைக்கும் நிறமும் அளவும் அடுத்த மாதம் கிடைக்காது. ஒருவர் வாங்கிப் போட்டுப் பிடித்து, தம்பிக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டால் நம்மிடம் இருக்காது. அதனால் நாமே துணி எடுத்துத் தைப்பது என்று வந்துவிட்டோம்.

ஜூலை 7, 2024, ஞாயிறு

காஸ்டிங், அதாவது அடக்க விலைக் கணக்கு, போட்டேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, பிசிறு போக பயோ வாஷ் செய்தது, கிலோ 430 ரூபாய் சொன்னார்கள். ஒரு டீ-சர்ட்டுக்கு வேஸ்ட்டும் சேர்த்து 230 கிராம் பிடிக்கும். துணி மட்டும் 99 ரூபாய். கட்டிங் 4, தையல் 26, பிரிண்ட் 22, செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 9, லேபிளும் அட்டையும் 5, குறைபட்டு செகண்ட்ஸ் ஆகிப் போவதற்கு 5. மொத்தம் 170. விற்கும் விலை 299. ஒன்றுக்கு 129 நிற்கும். 16,500ஐ 129ஆல் வகுத்தால் மாதம் 128 டீ-சர்ட்.

128 என்பதை நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். 16,500 ரூபாயை எங்கிருந்து புரட்டுவது என்று யோசித்தால் தலை சுற்றும். 128 டீ-சர்ட் என்றால் அது ஒரு வேலை, அவ்வளவுதான். செய்து முடிக்கலாம்.

ஜூலை 14, 2024, ஞாயிறு

எழுதத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது.

பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை, வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் தையல் பேசினோம். நல்ல மனிதர். எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டுவிட்டு, "ஏனுங்க அம்மிணி, நல்ல காரியத்துக்குங்கிறீங்க. 26 வேண்டாம், 22க்கே தெச்சுத் தர்றேனுங்க" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வண்டி பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அவர் குறைக்கும் அந்த 4 ரூபாய் அவர் பையிலிருந்து போகாது, டெய்லருக்குக் கொடுக்கும் பீஸ் ரேட்டில்தான் குறையும். அங்கே பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டும் அக்காவின் மகள் எங்கள் படிப்பகத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மாவின் கூலியில் கை வைத்து மகளுக்குச் சுண்டல் கொடுப்பதா? அந்த வேலைக்கு நான் வர மாட்டேன்.

ஐந்து பேரும் ராத்திரி பதினொரு மணி வரை பேசினோம். குறைப்பதற்குப் பதில் 6 ரூபாய் கூட்டி 32 என்று வைப்பது, கூட்டிய 6 ரூபாயும் டெய்லர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டுக்கொள்வது என்று முடிந்தது. அடக்கம் 176 ஆனது. நிற்பது 123. அப்படியானால் மாதம் 135 விற்க வேண்டும். ஏழு டீ-சர்ட் கூடுதல். ஏழுதானே, விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் எழுந்தோம்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியே பண்ணிடலாங்க. சனிக்கிழமை சம்பளத்துல தனியாப் போட்டுக் காட்டறேன்" என்றார்.

ஜூலை 28, 2024, ஞாயிறு

ஆடிட்டரைப் பார்த்தோம். அறக்கட்டளை தொடங்க வேண்டுமா என்று கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்றார். என் பெயரில் தனிக் கடை, அதற்கென ஒரு கரன்ட் அக்கவுண்ட், லாபத்தைப் படிப்பகத்துக்குக் கொடுத்ததற்கு ஒவ்வொரு மாதமும் எழுத்தில் கணக்கு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, நாமே இணையத்தில் செய்துகொள்ளலாம். அதற்கு 1,500 கேட்ட புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆடிட்டர் அழுத்திச் சொன்ன இன்னொன்று: டீ-சர்ட் வாங்குவது நன்கொடை ஆகாது. பணத்துக்குப் பதில் பொருள் கொடுத்துவிடுகிறோம், அதனால் நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு டீ-சர்ட் விற்று அனுப்பினாலும் பதிவு வேண்டும். பெங்களூரில் எனக்கு எத்தனை பழைய சிநேகிதிகள்! இந்த வருடம் அவர்கள் ஊருக்கு வரும்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

என்ன படம் போடுவது என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது தீர்ந்துவிட்டது.

புதன்கிழமை செய்தி வந்தது. நம் நஞ்சராயன் குளத்துக்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற பெயர். கூடவே விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளிக்கும். தமிழ்நாட்டில் இதோடு 18 இடங்கள். ஊத்துக்குளி ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்த குளம். 125 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இத்தனை பறவைகளா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

இன்று பிள்ளைகள் 26 பேரைக் கூட்டிப் போனோம். பாதிப் பேர் இதே ஊரில் பிறந்தவர்கள், ஒருவரும் குளத்தைப் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பறவைகள் குளிர்காலத்தில்தான் வரும், அதனால் கூட்டம் குறைவு. இருந்தாலும் கூழைக்கடா இருந்தது, நத்தைகுத்தி நாரை இருந்தது, மரக்கிளையில் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நீர்க்காகம் இருந்தது. ஆளுக்கு ஒரு அட்டையும் கலர் பென்சிலும் கொடுத்து உட்காரவைத்தோம். பிளாட்லாக் அக்காவின் மகள் வரைந்த கூழைக்கடாவுக்கு அலகுப் பை உடம்பைவிடப் பெரிது. உள்ளே நான்கு மீன்கள், நான்கும் முழித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஐந்து பேருக்கும் அதைப் பார்த்த அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். படத்துக்கென்று ஒரு தொகை அவள் தபால் நிலையச் சேமிப்பில் போட வேண்டும் என்பதையும் எழுதிவைத்தோம்.

செப்டம்பர் 15, 2024, ஞாயிறு

முதல் லாட் 300 டீ-சர்ட். துணி 69 கிலோ. ஹாஃப் ஒயிட் நிறம், இரண்டு கலர் பிரிண்ட். 52,800 ரூபாய் முதலீடு, அதில் என் சேமிப்பு 30,000. சாம்பிளைப் பார்த்துவிட்டு பிளாட்லாக் அக்கா, "தோள்பட்டைக்கு டேப் வெக்கோணும் கண்ணு, இல்லீன்னா நாலு தண்ணில இழுத்துக்கும்" என்றார். பையருக்கு, அதாவது வாங்கும் கம்பெனிக்கு, ஒன்பது வருடம் இதையே எழுதிக் கொடுத்தவள், நம் டீ-சர்ட்டில் மறந்திருக்கிறேன். டேப் வைத்தோம். லேபிளுக்குப் போட்டிருந்த காசிலேயே சமாளித்தோம்.

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

மூன்று வாரத்தில் 171 போயிருக்கிறது. வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்கள், பழைய கம்பெனி ஆட்கள், காலையில் ஓடும் நண்பர்கள். எங்கள் இலக்கைத் தாண்டிவிட்டோம், படிப்பகத்துக்கு செப்டம்பர் பணம் முழுதும் கொடுத்தாயிற்று. அறையைத் திறந்துவிட்டு நானே கணக்கு நோட்டில் 'டீ-சர்ட் வரவு' என்று எழுதினேன்.

இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஏற்றுமதிப் பழக்கத்தில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று 1:2:2:1 கணக்கில் வெட்டிவிட்டேன். இங்கே கேட்பது எல்லும் எக்ஸ்எல்லும். எஸ் 50ல் 9தான் போனது. அடுத்தது, படிப்பகத்தைப் பற்றிச் சொல்லி விற்றால் ஒருவர் ஒன்று வாங்குகிறார், அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். கூழைக்கடாவைக் காட்டி விற்றால் உடுத்திக்கொண்டு போகிறார், பார்த்தவர் கேட்கிறார், இன்னும் மூன்று போகிறது. பரிதாபப்பட்டு வாங்குகிறவரிடம் மறுபடி போய் நிற்க முடியாது. துணி நன்றாக இருந்தால் அவரே வருவார். இனிமேல் படிப்பகத்தைப் பற்றி அட்டையில் இரண்டு வரி மட்டும் போதும்.

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

வியாழக்கிழமை தீபாவளி. போனஸ் பட்டுவாடா நடக்கிறது, குமரன் ரோட்டில் நடக்க இடமில்லை. இரண்டாவது லாட் 240, கருநீலம், நேற்றுத்தான் வந்தது. இன்று ஒரே நாளில் 66 விற்றோம். கால் வலிக்கிறது, தூங்கப் போகிறேன்.

நவம்பர் 10, 2024, ஞாயிறு

பிரிண்ட் உரிகிறது.

உரிந்ததைக் காட்டும் முதல் போட்டோ செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு முறை துவைத்ததுமே கூழைக்கடாவின் அலகு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. நேற்று வரை 38 பேர் சொல்லிவிட்டார்கள். அடர் நிறத் துணியில் அடியில் ஒரு வெள்ளை போட்டு, அதன் மேல்தான் கலர் அடிக்க வேண்டும். அந்த மை 160 டிகிரி வாக்கில் உள்வரை வெந்தால்தான் பிடிக்கும். தீபாவளி அவசரத்தில் பிரிண்டிங் பட்டறையில் மையைச் சூட்டில் வேகவைக்கும் மிஷினின் பெல்ட்டை வேகமாக ஓட்டிவிட்டார்கள், மேல்தோல் காய்ந்தது, அடி வேகவில்லை. ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டியது நான். விற்கும் ஆசையில் அதைச் செய்யவில்லை.

38 பேருக்கும் புதிதாகத் தருவதாகச் சொல்லிவிட்டோம். அடக்கம் 6,688, தபாலுக்கு 2,280. கேட்காதவர்களுக்கும் நாங்களே போன் செய்து, உரிந்தால் சொல்லுங்கள் என்கிறோம். செய்வதற்குத்தான் ஆளில்லை. டெய்லர்கள் ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பவர் டேபிளில் மிஷின்கள் துணி மூடிக் கிடக்கின்றன. பத்து நாளாக வரவு என்று ஒன்றும் இல்லை. படிப்பகத்துக்கு நவம்பர் பணத்தில் 7,000 குறைகிறது. எங்கள் ஐந்து பேர் கையிலிருந்து போட்டோம், கடனாக என்று எழுதிவைத்தோம்.

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

மாற்று டீ-சர்ட் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, வெந்நீரில் மூன்று தடவை துவைத்து, மாடியில் காயவைத்துப் பார்த்தேன். 38 பேரில் 12 பேர் பணம் அனுப்பி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் 60 வேண்டுமென்கிறார்கள், மொத்தமாக எடுப்பதால் 260க்கு ஒப்புக்கொண்டேன். தையல் கூலி 32ல் மாற்றமில்லை, குறைவது எங்கள் பங்குதான்.

எஸ் அளவில் மிஞ்சியதைப் படிப்பகத்துப் பெரிய பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டோம். தொளதொளவென்று போட்டுக்கொண்டு, வரிசையாகக் கூழைக்கடாக்கள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கின்றன.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

டிசம்பரில் 149. கடன் 7,000ல் ஒரு பகுதியை அடைத்தோம். வீட்டுக்காரர் ஏப்ரலிலிருந்து வாடகை 500 கூடும் என்கிறார். புதுக் கணக்குப்படி மாதம் 139 விற்க வேண்டும்.

சாயங்காலம் அடுத்த லாட் துணியைக் கொண்டுபோய்ப் பவர் டேபிளில் இறக்கினோம். அம்மாவைக் கூட்டிப் போக வந்திருந்த மகள், தான் போட்டிருந்த டீ-சர்ட்டின் கீழ் மடிப்பைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இது எங்க அம்மா தைச்சது, பக்கத்து மிஷின்காரங்கது இல்ல" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். நூல் முடியும் இடத்தில் அம்மா இரண்டு தையல் கூட விடுவாளாம். எடுத்துப் பார்த்தேன், இருந்தது.

"பொங்கலுக்கு முன்ன வேணுமா, அப்புறமா கண்ணு?" என்று அக்கா கேட்டார். முன்னால் என்றேன். மிஷின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு, நூல் கோக்க உட்கார்ந்துவிட்டார்.