யார் வாயிலிருந்து வந்த நாமம்? இயேசுவின் பெயர்களைப் படித்த அனுபவம்

இயேசுவின் நாமங்களை ஆராய்ந்து படிக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று எங்கள் சபை வாலிபர்கள் கேட்பதுண்டு. பல ஆண்டுகளாகக் காலைத் தியானத்தில் இதையே படித்துவருகிறேன். எனக்குப் பலன் தந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலோர் கைக்கு முதலில் வந்துசேருவது ஒரு பட்டியல். அல்பா, ஆட்டுக்குட்டி, இம்மானுவேல் என்று அகர வரிசையில், பக்கத்தில் வசன எண்ணோடு. மனப்பாடத்துக்கும் துதி வேளைக்கும் அது உதவும். ஆனால் ஒரு நாமம் பட்டியலில் ஏறியவுடன், அதைச் சொன்ன ஆளும் சொன்ன இடமும் உதிர்ந்துபோகின்றன. குருடன் தெருவோரம் கதறிச் சொன்னதும், அசுத்த ஆவி அலறிச் சொன்னதும், பிதா வானத்திலிருந்து சொன்னதும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஆகவே எந்த நாமத்தை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதைச் சொன்னவர் யார், அப்போது அவருடைய நிலை என்ன?

அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டுப் போதும். பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாமம், சொன்னவர், சூழல், அதற்கு இயேசு என்ன செய்தார். நான்காவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். அதுவே எனக்கு அதிகம் கற்றுத்தந்த பத்தி.

மாற்கு முதல் அதிகாரத்தை வைத்துப் பழகிப் பாருங்கள். முதல் வசனத்தில் சுவிசேஷகர் "தேவனுடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்து" என்கிறார். ஏழாம் வசனத்தில் யோவான்ஸ்நானன் "என்னிலும் வல்லவர்" என்கிறான். பதினோராம் வசனத்தில் வானத்திலிருந்து வரும் சத்தம் "நேசகுமாரன்" என்கிறது. இருபத்துநான்காம் வசனத்தில், கப்பர்நகூம் ஜெப ஆலயத்திலே, அசுத்த ஆவி பிடித்தவன் "உம்மை இன்னார் என்று அறிவேன், நீர் தேவனுடைய பரிசுத்தர்" என்று சத்தமிடுகிறான். இப்போது நான்காவது பத்திக்கு வாருங்கள். அந்த ஆவி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் இயேசு அதை அதட்டி, பேசாதே என்கிறார். அவர் யார் என்று சரியாகத் தெரிந்திருப்பது வேறு, அவருக்குக் கீழ்ப்படிவது வேறு. வேத வினாவிடையில் முழு மதிப்பெண் வாங்குகிற நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசனத்தை நாம் நிறுத்தி நிதானமாகக் கற்பிக்க வேண்டும். அறிவு இருக்கிறது, அதிலேயே திருப்தி அடைந்துவிடுகிறோமே என்ற பயம் எனக்கு உண்டு.

நாமங்களில் நீங்கள் முதலில் எடுத்துப் படிக்க நான் சொல்வது, பட்டியல்களில் பெரும்பாலும் கடைசி வரிசையில் கிடக்கும் ஒன்று: நசரேயன், அதாவது நாசரேத் ஊரான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆலயமும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட, தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர். அந்த மரியாதை நம் காதில் இருப்பதால், பின்னாளில் இயேசுவின் சீஷனான நாத்தான்வேல் "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்று கேட்டது நமக்கு உறைப்பதே இல்லை. கலிலேயாவின் அந்த நாசரேத்தோ பழைய ஏற்பாட்டில் ஓர் இடத்தில்கூடப் பெயர் சொல்லப்படாத ஊர். நம் நாட்டில் "உங்களுக்கு எந்த ஊர்?" என்ற கேள்விக்குள் எவ்வளவு எடைபோடுதல் ஒளிந்திருக்கிறது என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியவர்களுக்குத் தெரியும். நசரேயன் என்பது அப்படிப்பட்ட அடையாளம்.

இந்தப் பெயரைச் சொன்னவர்களை வரிசையாக எழுதினால் பக்கம் எப்படி நிரம்புகிறது பாருங்கள். எரிகோவில் பர்திமேயு என்ற குருடனின் காதில் விழுவது "நசரேயனாகிய இயேசு" என்ற செய்தி. பிரதான ஆசாரியன் வீட்டு வேலைக்காரி பேதுருவைக் குளிர்காயும் இடத்தில் உற்றுப் பார்த்து, நீயும் நசரேயனாகிய இயேசுவோடு இருந்தாய் என்கிறாள். கெத்செமனேயில் பந்தங்களோடு வந்தவர்கள் தேடுவதும் நசரேயனாகிய இயேசுவைத்தான். பிலாத்து சிலுவையின்மேல் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிவைத்த விலாசத்திலும் அதுவே இருக்கிறது. அதுவரை அது ஊரார் சொல், காவலர் சொல், குற்றப்பத்திரிகையின் சொல்.

பிறகு கல்லறைக்குப் போகிறோம். வெள்ளையங்கி தரித்திருந்தவன் பெண்களிடம், சிலுவையில் அறையப்பட்ட நசரேயனாகிய இயேசுவைத் தேடுகிறீர்கள், அவர் உயிர்த்தெழுந்தார் என்கிறான். பரலோகத் தூதன் வாயிலும் அதே ஊர்ப்பெயர்! அடுத்து, தேவாலயத்தின் அலங்கார வாசலில் பேதுரு அங்கே பிச்சை கேட்ட சப்பாணியை "நசரேயனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" எழுந்து நடக்கச் சொல்கிறான். அந்த வேலைக்காரி முன்னால் எந்தப் பெயருக்குப் பயந்து மறுதலித்தானோ, அந்தப் பெயர்.

இதன் உச்சம் அப்போஸ்தலர் 22:8. விசுவாசிகளைத் துன்பப்படுத்திவந்த பவுலைத் தமஸ்கு வழியில் இயேசு சந்தித்தது அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று இடங்களில் வருகிறது: 9, 22, 26-ஆம் அதிகாரங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 22-ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேமில் தன் சொந்த ஜனத்தாரிடம் சாட்சி சொல்லும்போது மட்டும், ஆண்டவரின் பதில் இப்படி இருக்கிறது: "நீ துன்பப்படுத்துகிற நசரேயனாகிய இயேசு நானே." மகிமையில் இருக்கிறவர், சூரியனிலும் அதிகமான ஒளியில் பேசுகிறவர், தம்மை அறிமுகப்படுத்தத் தெரிந்தெடுக்கும் பெயர் இது. சொன்னவர் பத்தியில் இயேசுவின் பெயரையே எழுதியபோது என்னால் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. தன் ஊரையும் தெருவையும் மறைத்து வாழப் பழகிய எத்தனையோ பேர் நம் சபைகளில் இருக்கிறார்கள். இதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மத்தேயு 2:23 பற்றியும் ஒரு வார்த்தை. "நசரேயன் என்னப்படுவார்" என்று தீர்க்கதரிசிகள் உரைத்ததாக அங்கே வாசிக்கிறோம், ஆனால் அதே சொற்களில் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம் கிடைக்காது. மத்தேயு பன்மையில் "தீர்க்கதரிசிகளால்" என்கிறார் என்பதைக் கவனியுங்கள். அசட்டை பண்ணப்பட்டவராக மேசியா வருவார் என்ற தீர்க்கதரிசிகளின் பொதுவான குரலை அவர் சுட்டுகிறார் என்பது ஒரு விளக்கம். ஏசாயா 11:1-இல் வரும் கிளையோடு இணைப்பது இன்னொரு விளக்கம்; கிளைக்கான எபிரெயச் சொல் நாசரேத் என்ற பெயருக்கு ஒலியில் நெருங்கியது. இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

அடுத்து மனுஷகுமாரன். இதற்கு வேறு வழியில் போக வேண்டும், ஏனென்றால் சொன்னவர் பத்தியில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே பெயர்தான் வரும். சுவிசேஷங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இயேசுவே தம்மைக் குறித்து இப்படிச் சொல்கிறார். "மனுஷகுமாரனே, எனக்கு இரங்கும்" என்று அவரை அழைத்தவர் ஒருவரும் இல்லை. யோவான் 12:34-இல் ஜனங்கள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, யார் இந்த மனுஷகுமாரன் என்று கேட்கிறார்கள், அவ்வளவே.

மாற்கு சுவிசேஷத்தை மட்டும் எடுத்து, வசனங்களைப் பொருள்வாரியாகப் பிரியுங்கள். பாவங்களை மன்னிக்கவும் ஓய்வுநாளின்மேலும் அதிகாரம் உடையவர் என்று சொல்வது 2:10, 2:28. பாடுபட்டுக் கொல்லப்படுவார் என்பது 8:31, 9:31, 10:33, தம் ஜீவனைக் கொடுக்க வந்தவர் என்பது 10:45. மேகங்களோடு வருவார் என்பது 13:26, 14:62. பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கை செய்த மறு நிமிடம் இயேசு அதைப் பரப்பாதிருக்கக் கட்டளையிட்டுவிட்டு, மனுஷகுமாரன் பாடுபட வேண்டும் என்று போதிக்கத் தொடங்குகிறார். கிறிஸ்து என்ற சொல்லில் ஜனங்கள் சிங்காசனத்தைத் தேடினார்கள். அவரோ சிலுவை வழியாகத் தவிர அந்தச் சிங்காசனத்துக்குப் போக மாட்டார்.

இங்கே பழைய ஏற்பாட்டைத் திறக்காமல் ஓர் அடியும் வைக்க முடியாது. எசேக்கியேல் புத்தகத்தில் கர்த்தர் தீர்க்கதரிசியை "மனுபுத்திரனே" என்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை அழைக்கிறார், மண்ணான மனிதன் என்ற தாழ்மையோடு. தானியேல் 7:13-இலோ மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களுடனே வந்து, அழியாத ராஜ்யத்தைப் பெறுகிறார். விசாரணை மண்டபத்தில் இயேசு இந்தத் தானியேல் வசனத்தைச் சொன்னதும் பிரதான ஆசாரியன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு, தேவதூஷணம் என்றான். தானியேலைப் படிக்காதவருக்கு அந்தக் கோபத்தின் காரணமே புரியாது.

ஸ்தேவானிடம் வரும்போது ஒரு சின்ன மாற்றத்தைக் கவனியுங்கள். மாற்கு 14:62-இல் மனுஷகுமாரன் வலதுபாரிசத்தில் "வீற்றிருப்பதை" காண்பீர்கள் என்றார். அப்போஸ்தலர் 7:56-இல் ஸ்தேவான் காண்பதோ அவர் "நிற்கிறதை". தம்முடைய முதல் இரத்தசாட்சிக்காக எழுந்து நிற்கிறார் என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். நானும் அதை முழு மனதோடு ஏற்கிறேன்.

படிக்கும் முறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. கைப்பேசிச் செயலியில் ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் எல்லா வசனங்களும் கொட்டிவிடும். சொல்வாரியாக வசனங்களைக் காட்டும் கன்கார்டன்ஸ் புத்தகத்தைப் புரட்டிய காலத்தைவிட இது பெரிய வசதி. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவராகிவிட மாட்டார். "சிங்கம்" என்று தேடினால் வெளிப்படுத்தின விசேஷம் 5:5-இல் யூதா கோத்திரத்துச் சிங்கம் வரும், 1 பேதுரு 5:8-இல் எவனை விழுங்கலாமோ என்று சுற்றித் திரிகிற பிசாசும் வருவான். தேடிக் கிடைத்த ஒவ்வொரு வசனத்துக்கும் அதன் அதிகாரம் முழுவதையும் வாசிக்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 5 தனியாகவே ஒரு பாடம். மூப்பர்களில் ஒருவன் சொல்ல, யோவான் காதால் கேட்பது சிங்கம். திரும்பிப் பார்க்கையில் கண்ணால் காண்பது அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஆட்டுக்குட்டி. இரண்டு நாமங்களையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதினால் அதிகாரத்தின் உயிர் போய்விடும். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

யோவான் 4 தொடக்கநிலையினருக்கு மிக நல்லது. சமாரியப் பெண் முதலில் அவரை யூதன் என்கிறாள், பிறகு ஆண்டவரே என்கிறாள், பிறகு தீர்க்கதரிசி, பிறகு கிறிஸ்துதானோ என்று ஊராரிடம் கேட்கிறாள். கடைசியில் ஊரார் உலகரட்சகர் என்று அறிக்கை செய்கிறார்கள். குழுவாகப் படிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தில் தொடங்கலாம்.

படித்த நாமத்தை அந்த வாரம் முழுவதும் ஜெபத்தில் பயன்படுத்துங்கள் என்பதை வற்புறுத்தியே சொல்கிறேன். எங்கள் சபையில் ஒரு பாட்டியம்மா எந்த ஜெபத்தையும் "தாவீதின் குமாரனே" என்றே தொடங்குவார். ஏன் பாட்டி என்று கேட்டதற்கு, "அந்தக் குருடன் அப்படிக் கூப்பிட்டதும் நின்றாரே, ஐயா" என்றார். மாற்கு 10:49-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேமை நோக்கிப் போகிற வழி, பெருங்கூட்டம், பேசாதிரு என்று அதட்டுகிற பலர். "இயேசு நின்று, அவனை அழைத்துவரச் சொன்னார்." நான்காவது பத்தியில் எழுத வேண்டியது எது என்று அந்தப் பாட்டியம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் இப்போது படித்துக்கொண்டிருப்பது பிரதான ஆசாரியர் என்ற நாமம். புதிய ஏற்பாட்டில் இயேசுவை இப்படிச் சொல்வது எபிரெயர் நிருபம் மட்டுமே. சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் முதலில் லேவியராகமம் 16-ஐ வாசித்துவிட்டு எபிரெயர் 9-க்கு வாருங்கள். ஆரோன் முதலில் தனக்காகப் பாவநிவாரணம் செய்ய வேண்டியிருந்தது என்பதை அடிக்கோடிடுங்கள். இயேசுவுக்கு அது தேவையில்லை என்று சொல்லும் எபிரெயர் 7:27 அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது. கூடவே லேவியராகமம் 21:10-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரதான ஆசாரியன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளலாகாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதை மாற்கு 14:63-க்குப் பக்கத்தில் எழுதிவைத்து, அந்த மண்டபத்தில் நின்ற இருவரையும் சேர்த்துப் பாருங்கள்.